தொலைகாட்டியை நாமே பூட்டுவதா, காசு கொடுத்துப் பூட்டுவிப்பதா? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்ததோ, புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்கியதோ, ஆரோ பாவித்ததைக் கைமாற்றி எடுத்ததோ, எப்படி வந்தாலும் பெட்டியைத் திறந்தவுடன் எழும் கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு துண்டுகளையும் நானே பூட்டுவதா, தெரிந்த ஒருவரைக் கூப்பிடுவதா? வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து நண்பர்கள் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள்: நானா, ஆளா?

நீங்களேதான். தொலைகாட்டி, குளிரூட்டியைப் போல ஒருமுறை பூட்டிவிட்டு மறந்துவிடும் சாமான் அல்ல. ஒவ்வொரு இரவும் அதை அறையிலிருந்து மொட்டை மாடிக்குத் தூக்கிப் போகிறீர்கள், படியில் இடிபடுகிறது, ஃபைண்டர், அதாவது பெரிய குழாயின்மேல் பூட்டியிருக்கும் சின்னக் குறிபார்க்கும் குழாய், ஒரு மயிரிழை அசைகிறது, உள்ளே இருக்கும் ஆடி சற்றுச் சரிகிறது. இன்று ஒருவர் வந்து எல்லாவற்றையும் அழகாகச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை அதே வேலை உங்கள் கையில்தான் வந்து நிற்கும். அதனால் பூட்டுவதற்குக் காசு கொடுக்காதீர்கள். கொடுப்பதென்றால் கற்றுத் தருவதற்குக் கொடுங்கள், அல்லது வீட்டில் செய்யவே முடியாத சில வேலைகளுக்குக் கொடுங்கள். அவை எவை என்று கீழே சொல்கிறேன்.

என்ன கருவிகள் வேண்டும்?

ஒரு நட்சத்திரத் திருப்புளி, ஒரு அலன் சாவித் தொகுதி, ஒரு சிறிய ஸ்பானர். பெரும்பாலும் இவை பெட்டிக்குள்ளேயே வரும். ஆனால் அந்தத் தகரச் சாவிகள் ஸ்குரூவின் தலையைத் தின்றுவிடும். புறக்கோட்டையிலோ பழைய சோனகத் தெருவிலோ நல்ல அலன் சாவித் தொகுதி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைண்டர் இல்லாமல் பார்க்க முடியாதா? ஏன் எல்லோரும் அதையே பெரிதுபடுத்துகிறார்கள்?

கணக்கைப் பாருங்கள். குவியத் தூரம் 1200 மில்லிமீற்றர் உள்ள ஒரு குழாயில் 25 மில்லிமீற்றர் கண்வில்லையை (கண்ணை வைத்துப் பார்க்கும், கழற்றி மாற்றக்கூடிய சின்ன வில்லையை) போட்டால் 48 மடங்கு உருப்பெருக்கம். அப்போது கண்ணுக்குத் தெரிகிற வானம் ஏறத்தாழ ஒரு பாகை, அதாவது இரண்டு முழுநிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம். அந்தச் சின்ன வட்டத்துக்குள் சனிக் கோளைக் குத்துமதிப்பாகப் பிடிக்க முயன்றால் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் கீழே இறங்கிவிடுவார்கள். ஃபைண்டரோ ஐந்து, ஆறு பாகை காட்டும். அதன் நடுக்கோட்டில் வந்தது பெரிய குழாயிலும் நடுவில் வரவேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. அது சரியில்லாவிட்டால் எவ்வளவு விலையுள்ள தொலைகாட்டியும் உதவாது. வாங்கிய மாதத்திலேயே மூலையில் தூசி படிந்து நிற்கும் தொலைகாட்டிகளை எடுத்துப் பார்த்திருக்கிறேன். அநேகமானவற்றில் பழுது எதுவும் இருக்காது, ஃபைண்டர் மட்டும் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

சரி, ஃபைண்டரை எப்படி நேராக்குவது?

முதலில் பூட்டும் திசை. சிவப்புப் புள்ளி ஃபைண்டரைப் பின்பக்கம் முன்பக்கமாக மாட்டிவிடுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. சின்னக் கண்ணாடிச் சாளரம் வானத்தின் பக்கம், உங்கள் கண்ணுக்குத் தூரமாக இருக்கவேண்டும். குழாயில் உள்ள தண்டவாளத்தில் அடிக்கட்டையை முழுதாகத் தள்ளிவிட்டுப் பக்க ஸ்குரூவைக் கையால் இறுக்குங்கள். பிளாஸ்டிக் அடிக்கட்டை என்றால் விரல் பலம் போதும், குறடு வேண்டாம்.

இப்போது பகல் வெளிச்சத்தில் செய்யும் வேலை. இலக்கு தூரத்தில் இருக்கவேண்டும். ஃபைண்டர் பெரிய குழாயிலிருந்து பதினைந்து சென்ரிமீற்றர் தள்ளி நிற்கிறது. ஐம்பது மீற்றரில் உள்ள பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்து நேராக்கினால் அந்தத் தள்ளல் நிலவின் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குப் பிழையாக வந்து சேரும். நமக்கு வாய்த்த நல்ல இலக்கு தாமரைக் கோபுரம். 350 மீற்றர் உயரம், வெள்ளவத்தை மாடிகளிலிருந்து பல கிலோமீற்றர் தூரம், உச்சியில் மெல்லிய கம்பம். அந்தத் தூரத்தில் பதினைந்து சென்ரிமீற்றர் ஒரு பொருட்டே அல்ல.

மாலை நாலு, ஐந்து மணிக்கு, வெயில் கடல் பக்கம் இறங்கியபின் தொடங்குங்கள். மிகக் குறைந்த உருப்பெருக்கமுள்ள கண்வில்லையை, அதாவது 25 மில்லிமீற்றர் என்று எழுதியிருப்பதைப் போடுங்கள். எப்போதும் முதலில் பெரிய குழாயில் கோபுரத்தைப் பிடியுங்கள். ஃபைண்டரில் பிடித்துவிட்டுப் பெரிய குழாயைத் திருப்பத் தொடங்கினால் விடியும்வரை முடியாது. குழாயின் மேல் விளிம்பு வழியாகக் கண்ணால் குறி பார்த்து மெல்லத் துழாவுங்கள், குவியத்தைச் சரிசெய்யுங்கள். வில்லைக்குப் பதில் ஆடி உள்ள நியூட்டன் வகைத் தொலைகாட்டியில் கோபுரம் தலைகீழாகத் தொங்கும், அது பழுதல்ல. கம்பத்தின் நுனி வட்டத்தின் நடுவில் வந்ததும் குழாயைப் பூட்டிவிட்டு, கையை எடுத்தபின்னும் அது நடுவில்தான் நிற்கிறதா என்று பாருங்கள். இனிக் குழாயைத் தொடவேண்டாம். ஃபைண்டரின் ஸ்குரூக்களை மட்டும் திருப்பிக் குறுக்குக்கோட்டை, அல்லது சிவப்புப் புள்ளியை, அதே நுனிக்குக் கொண்டுவாருங்கள். மூன்று ஸ்குரூ உள்ள வகையில் ஒன்றைத் தளர்த்திய பிறகே மற்றதை இறுக்கவேண்டும். இரண்டு ஸ்குரூவும் ஒரு சுருள்வில்லும் உள்ள வகை இன்னும் இலகு. பிறகு 10 மில்லிமீற்றர் கண்வில்லையைப் போட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். கடைசியாக ஃபைண்டரை விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பாருங்கள். நுனி நகர்ந்தால் எங்கோ ஒரு ஸ்குரூ தளர்ந்திருக்கிறது.

இரவில் நிலவையோ வியாழனையோ வைத்து ஒருமுறை சரிபாருங்கள். வானம் நிற்காது, நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும், ஆகவே நட்சத்திரம் வட்டத்தின் நடுவில் இருக்கும்போதே கைவேலையை முடிக்கவேண்டும்.

ஃபைண்டரில் பார்க்கக் கழுத்து முறிகிறது. ஏதாவது வழி உண்டா?

இது கொழும்புக்கே உரிய சிக்கல். நாம் அகலாங்கு 7 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறோம். ஓரியன் மண்டலம் முழுவதும் நம் உச்சந்தலைக்கு மேலே போகிறது. திருவாதிரை நட்சத்திரம் பெப்ரவரித் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணியளவில் அநேகமாகச் செங்குத்தாகத் தலைக்கு மேல் நிற்கும். நேராகப் பார்க்கும் ஃபைண்டரில் அதைப் பிடிக்க நிலத்தில் முழங்காலிட்டு மேலே அண்ணாந்து பார்க்கவேண்டும். செங்கோண ஃபைண்டர் ஒன்றை வாங்குங்கள், பக்கவாட்டில் நின்று குனிந்து பார்க்கலாம். மாற்றுவதற்கு ஆள் தேவையே இல்லை, பழைய ஃபைண்டரின் அதே தண்டவாளத்தில் பெரும்பாலும் இதுவும் ஏறும்.

கொலிமேஷன், அதாவது ஆடிகளை ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவருவது, என்று பயமுறுத்துகிறார்களே. அதையாவது கடையில் கொடுக்கலாமா?

உங்களிடம் இருப்பது முன்னால் வில்லை உள்ள சிறிய தொலைகாட்டி என்றால் இந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். அது தொழிற்சாலையில் சரிசெய்து வந்தது, கழற்றவேண்டாம்.

ஆடி உள்ள நியூட்டன் வகை, அதையே நிலத்தில் வைக்கும் எளிய தாங்கியில் ஏற்றிய டொப்சோனியன் வகை என்றால் இது நீங்கள் கட்டாயம் பழகவேண்டிய வேலை. கடையில் கொடுத்தால் என்ன நடக்கும்? அவர் சரிசெய்து தருவார். நீங்கள் முச்சக்கர வண்டியில் வைத்து காலி வீதியின் குலுக்கலில் வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். வந்து சேரும்போது மறுபடியும் விலகியிருக்கும்.

வேலையின் ஒழுங்கு இதுதான். குழாயைக் கிடையாகப் படுக்க வையுங்கள். இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம், நிமிர்ந்த குழாயில் அலன் சாவி கைநழுவினால் அது நேரே போய் விழுவது அடியில் உள்ள பெரிய ஆடியின்மேல். கண்வில்லை இருக்கும் இடத்தில் நடுவில் துளையுள்ள மூடி ஒன்றைப் போடுங்கள், பழைய படச்சுருள் டப்பாவின் மூடியில் துளையிட்டும் செய்துகொள்ளலாம். அந்தத் துளைவழியே பார்த்தால் சிறிய ஆடி, அதற்குள் பெரிய ஆடியின் பிம்பம், அதன் நடுவில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு வளையம் தெரியும். முதலில் சிறிய ஆடியின் மூன்று சின்ன ஸ்குரூக்களால் பெரிய ஆடி முழு வட்டமாகத் தெரியும்படி செய்யுங்கள். பிறகு குழாயின் பின்பக்கம் உள்ள மூன்று ஸ்குரூக்களைத் திருப்பி, மூடித் துளையின் பிம்பம் அந்த வளையத்துக்குள் வந்து நிற்கச் செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் கால் சுற்றுக்கு மேல் திருப்பவேண்டாம். சிறிய ஆடியை அடிக்கடி தொடத் தேவையில்லை. பின்பக்க ஸ்குரூக்கள்தான் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கொஞ்சம் கேட்கும், பழகினால் இரண்டு நிமிட வேலை.

எஃப்/8 குழாய், அதாவது குவியத் தூரம் ஆடியின் விட்டத்தைப்போல எட்டு மடங்கானது, சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். எஃப்/5 பொறுக்காது. லேசர் கருவி வாங்கினால் முதலில் அந்த லேசரே நேரா என்று பாருங்கள்: இரண்டு இணை ஆணிகளுக்கு நடுவில் வைத்து உருட்டும்போது சுவரில் விழும் புள்ளி வட்டம் போட்டால் அந்த லேசர் கோணல்.

துருவ நட்சத்திரத்தை வைத்து மவுண்டை, அதாவது குழாயைத் தாங்கித் திருப்பும் பகுதியை, நேராக்கச் சொல்கிறது கையேடு. எனக்கு அது தெரியவே இல்லை.

தெரியாது. துருவ நட்சத்திரத்தின் உயரம் நாம் இருக்கும் அகலாங்குக்கு ஏறத்தாழச் சமன். லண்டனில் அது 51 பாகை உயரத்தில் நிற்கும், கொழும்பில் 7 பாகைதான். அந்த உயரத்தில் வடக்கே மாடிக் கட்டடங்களும் நகரத்துப் புகையும் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. கையேடு எழுதியவர்கள் நம்மை நினைத்து எழுதவில்லை.

திசைகாட்டியால் வடக்கைப் பிடியுங்கள், மவுண்டின் அகலாங்கு அளவுகோலை 7க்கு இறக்குங்கள், ட்ரைபொட்டைக் குமிழி மட்டத்தால் சமன்செய்யுங்கள். கண்ணால் பார்ப்பதற்கு இது போதும். ஆனால் இங்கே இரண்டு இடர்கள் உண்டு. சில மவுண்டுகள் அவ்வளவு கீழே இறங்கவே மாட்டா, வாங்குமுன் அளவுகோலின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். இறங்கினாலும், குழாயின் பாரத்தைச் சமன்செய்யும் எதிர்ப்பாரக் கம்பி நேரே கீழ்நோக்கித் தொங்கி ட்ரைபொட் காலில் இடிக்கும். கம்பி இரண்டு கால்களுக்கு நடுவில் வரும்படி ட்ரைபொட்டைத் திருப்பி வையுங்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், படம் எடுக்கும் எண்ணம் இல்லாதவர்கள் கொழும்பில் இப்படித் துருவத்தைப் பார்த்து நேராக்கவேண்டிய ஈக்குவட்டோரியல் மவுண்டுக்குப் போகவே வேண்டாம். டொப்சோனியன் ஒன்றை வாங்கி நிலத்தில் வைத்துக் கையால் தள்ளிப் பாருங்கள். இந்த ஒரு தெரிவிலேயே பூட்டும் வேலையில் பாதி குறைந்துவிடும்.

தானாகத் தேடும் கோ-டு மவுண்ட் எதைக் கேட்டாலும் வேறு பக்கம் போகிறது. பழுதா?

திருத்தக் கொடுக்குமுன் நான்கு விஷயம் பாருங்கள். நேர வலயம் +5.30. கோடைகால நேரம் இல்லை. கொழும்பு வடக்கு 6 பாகை 56 கலை, கிழக்கு 79 பாகை 51 கலை. திகதியில் பல கைக்கருவிகள் மாதத்தை முதலில் கேட்கும். நாம் 5.3 என்று மார்ச் 5ஐ நினைத்து அடிக்க, அது மே 3 என்று எடுத்துக்கொள்ளும். 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கையின் நேரம் வேறாக இருந்தது, ஆகவே பழைய மென்பொருள் தானாகப் போடும் வலயத்தை நம்பாமல் நீங்களே அடியுங்கள். இவை நான்கும் சரியாக இருந்தும் வேறு பக்கம் போனால், பற்றரியின் வலு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் ஆள்.

அப்படியானால் எதற்குத்தான் காசு கொடுப்பது?

ஆடியின் அலுமினியப் பூச்சு கறுத்து உரிந்திருந்தால் அது வெற்றிட அறையில் செய்யும் வேலை, வீட்டில் ஒன்றும் செய்ய இயலாது. இரட்டை வில்லைகளுக்கு நடுவில் பூஞ்சணம் பிடித்திருந்தால் அதைப் பிரிக்க வேண்டாம். எந்தப் பக்கம் எது, எவ்வளவு இடைவெளி என்பது தவறினால் வில்லை இரண்டும் நல்லபடி இருந்தும் படம் கெட்டுவிடும். நல்ல கமெரா திருத்துபவர் இதைச் செய்வார். மவுண்டின் மின்சுற்று எரிந்தால் மின்னணு திருத்துபவர். ஸ்குரூவின் புரி அழிந்தால் கடைசல் பட்டறையில் புதுப் புரி வெட்டித் தருவார்கள், சின்ன வேலை.

இவற்றைவிட நான் மனமாரக் காசு கொடுக்கச் சொல்வது ஒன்று உண்டு. தொலைகாட்டி பாவித்துப் பழகிய ஒருவரை ஒரு மாலை வீட்டுக்குக் கூப்பிட்டு, அவர் பக்கத்தில் இருக்க, நீங்கள் உங்கள் கையாலேயே எல்லாவற்றையும் பூட்டுங்கள். பாடசாலை, பல்கலைக்கழக வானியல் கழகங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், பலர் காசே வாங்கமாட்டார்கள். கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க் பெயரிலுள்ள நிறுவகத்தில் 1996இல் ஜப்பான் அன்பளிப்பாகத் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. வான் அவதானிப்பு நிகழ்ச்சி எங்காவது நடப்பதாகக் கேள்விப்பட்டால் போங்கள், அங்கே வருபவர்களிடம் பேசினால் ஆள் கிடைக்கும்.

பல்கனியில் வைத்துப் பார்த்தால் படம் அலைகிறது, வில்லையில் நீர் பூக்கிறது. ஆரிடம் காட்டுவது?

ஒருவரிடமும் காட்டவேண்டாம். குளிரூட்டிய அறையில் 22 பாகையில் இருந்த தொலைகாட்டியைக் கொழும்பின் ஈரக்காற்றுக்குள் கொண்டுவந்தவுடன், குளிர்ந்த சோடாப் போத்தலின்மேல் நீர் பூப்பதைப்போல வில்லையிலும் ஆடியிலும் நீர் பூக்கும். துடைத்தால் கீறும். எல்லா மூடிகளையும் போட்டபடியே வெளியே அரை மணி, முக்கால் மணி வையுங்கள், பிறகு திறவுங்கள், படம் அலைவதும் குறையும். பார்த்து முடிந்தபின் ஈரம் காயாமல் பெட்டியில் அடைக்காதீர்கள், பூஞ்சணம் அங்கேதான் தொடங்கும். கண்வில்லைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகை என்றால் ஈரம் ஏறியதும் நிறம் சொல்லிவிடும், சூடாக்கி உலர்த்தி மறுபடி பாவிக்கலாம். கடற்கரைப் பக்கத்து வீடு என்றால் உப்புக்காற்று ஸ்குரூக்களைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடிக்காத உருக்கு ஸ்குரூக்களாக மாற்றிவிடுங்கள்.

மொட்டை மாடியில் வைத்தால் பிரச்சினை வருமா?

தொடர்மாடி முகாமையாளரிடமும் காவலாளியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அயலவர் யன்னல் பக்கமும், முகாம், துறைமுகம், தூதரகம் உள்ள பக்கமும் குழாயைத் திருப்பவேண்டாம். கேட்பவர்களைக் கூப்பிட்டு நிலவைக் காட்டுங்கள்.

பெட்டியில் சூரியனைப் பார்க்கச் சின்னக் கறுப்பு வில்லை ஒன்று வந்திருக்கிறது. பொருத்தலாமா?

பொருத்தவே கூடாது. கண்வில்லையில் திருகும் அந்தக் கறுப்புக் கண்ணாடி, முழுச் சூரிய வெப்பமும் குவியும் இடத்தில் நிற்கிறது. வெடித்தால் மூடிக்கொள்ள நேரம் இருக்காது, கண் போய்விடும். இன்றைக்கே குப்பையில் போடுங்கள். சூரியனைப் பார்ப்பதென்றால் குழாயின் முன்வாயை முழுதாக மூடும் சூரிய வடிகட்டி வேண்டும். காற்றில் கழன்று போகாதபடி அதை ஒட்டுநாடாவால் கட்டவேண்டும், ஃபைண்டரைக் கழற்றிவிடவேண்டும். 2019 டிசம்பர் 26இல் வடக்கில் வளையக் கிரகணம் வந்தபோது எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் தொலைகாட்டியைச் சுற்றி நின்றார்கள். இப்படிப்பட்ட நாளில்தான் அவசரம் வரும். வெயில் விழும் யன்னலோரம் மூடியில்லாமல் விட்ட குழாய் திரைச்சீலையையே எரித்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் தயக்கம் இருந்தால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், காசைப் பார்க்காதீர்கள்.

என் மகளுக்குப் பதினொரு வயது. அவளே பூட்டட்டுமா?

பூட்டட்டும். ஃபைண்டரை நேராக்குவதைப் பெரியவர்களைவிடப் பொறுமையாகப் பிள்ளைகள் செய்வார்கள். நீங்கள் பாரமான குழாயைத் தூக்கி வையுங்கள், ஆடிப் பக்கத்து ஸ்குரூக்களைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். மற்றது அவளுடைய வேலை.

நான் ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்துச் செய்வித்துவிட்டேன். வேலை சரியா என்று எப்படிப் பார்ப்பது?

அவர் போகுமுன் பாருங்கள், கூலியைக் கையில் வைத்துக்கொண்டே பாருங்கள். தூரத்துக் கோபுர நுனியை ஃபைண்டரின் நடுவுக்குக் கொண்டுவந்து, 10 மில்லிமீற்றர் கண்வில்லையில் அது தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள். குழாயை ஒருமுறை தூக்கி இறக்கிவிட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். இரவானால் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை வட்டத்தின் நடுவில் வைத்துக் குவியத்தைச் சற்று விலக்குங்கள். அது வளையம் வளையமாக விரியும். வளையங்களும் நடுவிலுள்ள கறுப்புப் பொட்டும் ஒரே மையத்தில் நின்றால் ஆடிகள் சரி. ஒரு பக்கம் சரிந்து முட்டைபோலத் தெரிந்தால் இன்னும் வேலை இருக்கிறது. எந்த ஸ்குரூவை எந்தப் பக்கம் திருப்பினார் என்று காட்டச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் அதை ஒளிப்பதிவு செய்யக் கேளுங்கள், நல்ல வேலைக்காரர் மறுக்கமாட்டார். பிறகு கூலியைக் கொடுங்கள்.